லிஃப்ட் செய்த பிக்-அப்புக்கு எந்தத் துணை ஏர் ஸ்பிரிங்?

கேள்வி இதுதான்: பிக்-அப்பின் பின்பக்கம் 4 அங்குலம் உயர்த்தப்பட்டிருக்கிறது. வெறும் வண்டி நன்றாக நிற்கிறது. லோடு பாடியில் சுமை ஏற்றினாலோ டிரெய்லர் மாட்டினாலோ பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. பட்டை ஸ்பிரிங்குக்கு (அடுக்கிய எஃகுப் பட்டைகளால் ஆனது) துணையாக ஒரு ஜோடி ஏர் ஸ்பிரிங், அதாவது காற்றடைக்கும் ரப்பர் பை, போட வேண்டும். 5000 பவுண்டு தாங்கும் செட் வாங்குவதா, சின்னது போதுமா, லிஃப்ட் செய்த வண்டி என்பதால் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

எந்த நிறுவனத்தின் பை, எத்தனை பவுண்டு என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது ஒன்றுதான். பை உட்காரப் போகும் அந்த இடத்தில் மேலே சேஸிஸுக்கும் கீழே தாங்கும் பரப்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, வண்டி ஓடும்போது அது எவ்வளவு கூடிக் குறைகிறது? "4 அங்குல லிஃப்ட்" என்ற எண் இதைச் சொல்லாது. ஒரே 4 அங்குலத்தை மூன்று நான்கு வழிகளில் தூக்கலாம். ஒவ்வொரு வழியிலும் பைக்குக் கிடைக்கும் இடம் வேறு. லிஃப்ட் செய்த வண்டிகளில் கிழிந்துபோன பைகளில் பல பாரம் தாங்காமல் கிழிந்தவை அல்ல. எட்டாத நீளத்துக்கு இழுக்கப்பட்டுக் கிழிந்தவை.

முதலில் வண்டியின் அடியில் படுத்து, எப்படித் தூக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆக்சிலுக்கும் பட்டைகளுக்கும் நடுவில் இரும்பு பிளாக் வைத்துத் தூக்கியிருந்தால், பட்டைக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளி மாறவே இல்லை. ஆக்சில் மட்டும்தான் 4 அங்குலம் கீழே போயிருக்கிறது. ஆகவே பையை அடியிலிருந்து பிடிக்கும் கீழ்த் தாங்கி பட்டையின் தலைமேல் உட்காரும் வகை செட் என்றால், பைக்கு அது லிஃப்ட் செய்யாத வண்டி போலத்தான். ஸ்பேசர் (கூடிய இடைவெளியை நிரப்பப் பைக்கு அடியில் வைக்கும் கட்டை) எதுவும் தேவைப்படாது. அதே வண்டியில் கீழ்த் தாங்கி நேராக ஆக்சில் குழாயில் அமரும் செட்டைப் போட்டால், இடைவெளி முழு 4 அங்குலம் கூடிவிடும். பல செட்களில் இந்த இரண்டும் கலந்திருக்கும். தாங்கி பட்டையின்மேல் அமரும், அதிலிருந்து ஒரு கால் அல்லது நீள போல்ட் கீழே இறங்கி ஆக்சிலைப் பிடிக்கும். பிளாக் போட்ட வண்டியில் அந்தக் கால் ஆக்சிலை எட்டாது. அதை அப்படியே தொங்கவிட்டுப் பூட்டினால் தாங்கி முன்னும் பின்னும் ஆடி, நாளடைவில் விரிசல் விடலாம். நீளமான போல்ட்டோ கால் நீட்டிப்போ வாங்கித்தான் ஆக வேண்டும்.

அதிக வளைவு கொண்ட புதிய பட்டைக் கட்டு, கூடுதலாகச் சேர்த்த ஒரு பட்டை, நீளமான ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு பிணைக்கும் துண்டு) என்று தூக்கியிருந்தால் கதை வேறு. இங்கே பட்டையே சேஸிஸை விட்டு விலகியிருக்கிறது. கீழ்த் தாங்கி எங்கே அமர்ந்தாலும் இடைவெளி கூடியிருக்கும். பாதி பிளாக், பாதி பட்டை என்று கலந்து தூக்கிய வண்டிகளும் நிறைய. அவற்றில் ஊகிக்கவே கூடாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. முன்பக்கத்தை மட்டும் 2 அங்குலம் அளவுக்கு உயர்த்தி வண்டியை மட்டமாக்கும் லெவலிங் கிட். இதைப் போட்டவர்களும் "லிஃப்ட் செய்த வண்டி" என்றே சொல்வார்கள். பின்பக்கத்தில் எதுவும் மாறவில்லை என்பதால் சாதாரண செட்டே அப்படியே பொருந்தும். இவர்களுக்குப் பின்பக்கம் அமுங்குவது திடீரென்று பெரிதாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பிக்-அப்பின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும், சுமை ஏறினால் மட்டத்துக்கு வரட்டும் என்று. முன்பக்கத்தைத் தூக்கி அந்தச் சரிவை எடுத்துவிட்டால், ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் வண்டியை மட்டத்துக்குக் கீழே இறக்கும்.

இப்போது அளவெடுப்பது. மூன்று அளவுகள் வேண்டும். மூன்றையும் பை அமரும் இடத்திலேயே, மேல் தாங்கி தொடும் பரப்பிலிருந்து கீழ்த் தாங்கி தொடும் பரப்புவரை எடுக்க வேண்டும். முதல் அளவு, வெறும் வண்டி சமதரையில் நிற்கும்போது. இரண்டாவது, பின்சக்கரங்கள் முழுவதும் தொங்கும்போது. சேஸிஸை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, ஆக்சில் அதன் எடையில் தொங்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். மூன்றாவது, பட்டை முழுதாக அமுங்கும்போது. இதை நேரடியாக அமுக்கிப் பார்க்கத் தேவையில்லை. பம்ப் ரப்பரின் (பட்டை முழுதாக அமுங்கும்போது மோதலைத் தாங்கும் ரப்பர் கட்டை) முனைக்கும் அது மோதும் இடத்துக்கும் உள்ள தூரத்தையும், ரப்பர் எவ்வளவு நசுங்கும் என்பதையும் கூட்டி முதல் அளவிலிருந்து கழித்தால் போதும்.

இந்த மூன்று எண்களோடு பையின் விவரத்தாளில் மிகக் குறைந்த உயரம், இயல்பாக நிற்க வேண்டிய உயரம், அதிகபட்ச நீளம் என்று இருக்கும் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். லிஃப்டுக்கு முன் இடைவெளி 6 அங்குலம், தொங்கும்போது 9, முழுதாக அமுங்கும்போது 3. பையோ 3 அங்குலம்வரை சுருங்கி 9.5 அங்குலம்வரை நீளக்கூடியது. பொருத்தம் சரி. இதே வண்டியை 4 அங்குல பிளாக்கால் தூக்கி, பையை ஆக்சில்மேல் வைத்தால் நிற்கும்போதே 10, தொங்கும்போது 13. வண்டி நகரும் முன்பே பை எல்லை தாண்டி இழுபடுகிறது. 4 அங்குல ஸ்பேசர் ஒன்றைப் பைக்கு அடியில் வைத்தால் பை பார்க்கும் அளவு மறுபடியும் 6, 9, 3. பழையபடி சரியாகிவிட்டது.

பட்டைக் கட்டை மாற்றி அதே 4 அங்குலம் தூக்கிய வண்டியில் இந்த ஸ்பேசர் வேறு விதமாக நடந்துகொள்ளும். அங்கே ஆக்சிலுக்கு மேல்நோக்கி ஏறும் தூரமும் 4 அங்குலம் கூடியிருக்கிறது. பம்ப் ரப்பரைக் கீழே இறக்காமல் விட்டிருந்தால் முழுதாக அமுங்கும்போது இடைவெளி பழைய 3 அங்குலம்தான். அதில் 4 அங்குல ஸ்பேசருக்கே இடமில்லை, பைக்கு எங்கே போவது? பம்ப் ரப்பர் மோதுவதற்கு வெகுமுன்பே பை தட்டையாகி, ஸ்பேசரும் தாங்கியும் சேர்ந்து சேஸிஸில் முட்டும். ஆகவே பட்டை வழியாகத் தூக்கிய வண்டியில் ஸ்பேசரின் உயரத்துக்கு இணையாகப் பம்ப் ரப்பரையும் இறக்க வேண்டும். இன்னொரு வழி, குட்டையான ஸ்பேசரோடு அதிக நீளம் ஓடும் பையைத் தேர்ந்தெடுப்பது. ஸ்பேசர் வாங்கச் சொல்பவர்கள் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஸ்பேசர்கள் பொதுவாக 2, 4, 6 அங்குல உயரங்களில் கிடைக்கின்றன. இரும்பு அல்லது கெட்டியான அலுமினியத்தில் செய்த, பையின் அடித்தட்டு முழுவதையும் தாங்கும் அகலமுள்ளவையாக இருக்க வேண்டும். உயரம் கூடக்கூடப் பக்கவாட்டு விசை அடித்தாங்கியை நெம்பும். 6 அங்குல ஸ்பேசரைத் தாங்கும் அளவுக்கு அடித்தாங்கி கனமான தகடாக இல்லையென்றால் நான் அதைப் போட மாட்டேன். அந்த உயரத்துக்குத் தாங்கியையே நீளமாகச் செய்துகொள்வது மேல். இரண்டு ஸ்பேசரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் கூடாது. ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் பிளாக்குகளை அடுக்குவது இதைவிட ஆபத்து. அப்படி அடுக்கியிருப்பதைக் கண்டால் ஏர் ஸ்பிரிங் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கரடுமுரடான பாதையில் ஓட்டுபவர்களுக்கு ஸ்பேசர் மட்டும் போதாது. லிஃப்டோடு நீளமான ஷாக் அப்சார்பரும் போட்டிருப்பார்கள். அதனால் சக்கரம் தொங்கும் தூரம் பழைய 3 அங்குலத்தில் நிற்காமல் 5 அங்குலம்வரை போகலாம். மேலே சொன்ன கணக்கில் ஸ்பேசர் போட்ட பிறகும் பை 11 அங்குலம் நீள வேண்டியிருக்கும், அதன் எல்லையோ 9.5. சக்கரம் தொங்குவதை நிறுத்தும் வேலை ஷாக் அப்சார்பருடையது, அல்லது அதற்கென்று கட்டும் தடுப்பு வார் ஒன்றினுடையது. பை அந்த வேலையைச் செய்யக் கூடாது. செய்தால் அடித்தட்டைப் பிடித்திருக்கும் மடிப்பிலிருந்து ரப்பர் பிடுங்கிக்கொள்ளும். டேஸ்டார் போன்ற நிறுவனங்கள் இதற்கென்று ஒரு தொட்டில் செய்கின்றன. பை தொட்டிலில் வெறுமனே அமர்ந்திருக்கும், போல்ட் போட்டுப் பூட்டியிருக்காது. சக்கரம் ஆழமாகத் தொங்கும்போது பை தொட்டிலை விட்டு விலகி, சக்கரம் ஏறியதும் மறுபடி அதே இடத்தில் வந்து அமரும். பாறை, பள்ளம் என்று ஓட்டுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நெடுஞ்சாலையில் டிரெய்லர் மட்டும் இழுப்பவர்களுக்கு இது தேவையில்லை.

இப்போது பைக்கு வருவோம். பட்டை ஸ்பிரிங் வண்டிகளுக்கு இரண்டு வகை. நடுவில் ஒரு வளையம் இறுக்கி, இரண்டு உப்பலாகத் தெரியும் இரட்டை மடிப்புப் பை ஒன்று. உருளை போன்று, கீழே ஒரு பிஸ்டன்மேல் சுருண்டு ஏறி இறங்கும் ஸ்லீவ் பை மற்றொன்று. ஃபயர்ஸ்டோன் ரைட்-ரைட்டிலும் ஏர் லிஃப்ட் லோட்லிஃப்டர் 5000 வரிசையிலும் இரட்டை மடிப்புப் பையைப் பார்க்கலாம். ஏர் லிஃப்டின் ரைடுகன்ட்ரோல் ஸ்லீவ் வகை, ஒரு ஜோடிக்கு 2000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 900 கிலோ. இரட்டை மடிப்பு ஜோடிக்கு 5000 பவுண்டு, ஏறக்குறைய 2270 கிலோ. இரட்டை மடிப்பு அதிகம் தாங்கும், மேலும் கீழும் உள்ள தட்டுகள் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஸ்லீவ் பை மென்மையாக ஓடும், ஆனால் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் ரப்பர் பிஸ்டன் விளிம்பில் தேய்ந்துபோகும். பிளாக் போட்டுத் தூக்கிய வண்டியில் வேகம் எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பட்டை முறுக்கிக்கொண்டு ஆக்சில் முன்பின்னாகச் சுழலும். அதனால் அத்தகைய வண்டிக்கு இரட்டை மடிப்பே பொருத்தம் என்பது என் தீர்ப்பு. பை அந்த முறுக்கலைத் தடுக்கும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அதற்குத் தனியாகத் தடுப்புத் தண்டுதான் வழி.

5000 பவுண்டு என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் லிஃப்ட் ஏன் அதைக் குறைக்கிறது என்பதும் புரியும். பை தாங்கும் பாரம் என்பது உள்ளிருக்கும் அழுத்தத்தைப் பையின் பயன்படு பரப்பால் பெருக்கி வருவது. பயன்படு பரப்பு 25 சதுர அங்குலம், அழுத்தம் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) என்றால் ஒரு பைக்கு 2500 பவுண்டு, ஜோடிக்கு 5000. ஆனால் இரட்டை மடிப்புப் பையின் பயன்படு பரப்பு எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பை குட்டையாக அமுங்கும்போது மடிப்புகள் வெளியே உப்பிப் பரப்பு கூடும். நீளமாக இழுபடும்போது மடிப்புகள் ஒடுங்கிப் பரப்பு குறையும். லிஃப்ட் செய்த வண்டியில் ஸ்பேசர் இல்லாமல் பையை இழுத்துக் கட்டினால் அதே 40 பிஎஸ்ஐக்கு அது தரும் தூக்கும் விசை குறைவு. வண்டி மட்டத்துக்கு வர இன்னும் காற்றடிப்பீர்கள், பை இன்னும் விறைக்கும், ஓட்டம் கட்டை போலாகும். "ஏர் ஸ்பிரிங் போட்டதிலிருந்து வண்டி குதிக்கிறது" என்று சொல்பவர்களின் வண்டியில் பையின் உயரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விவரத்தாளில் போட்டிருக்கும் இயல்பு உயரத்தில் பை நிற்கும்படி செய்துவிட்டால், குறைந்த அழுத்தத்திலேயே வேலை முடியும்.

இதையொட்டி இன்னொன்று. பெரிய எண்ணுள்ள செட் எப்போதும் நல்லது என்று இல்லை. ஒரு பக்கத்துக்கு 150 கிலோ தாங்கினால் போதும் என்கிற வண்டிக்கு மிகப் பெரிய பை போட்டால், 10, 15 பிஎஸ்ஐயிலேயே வண்டி மட்டமாகிவிடும். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் நுணுக்கமாகக் கூட்டிக் குறைப்பது கடினம், கசிவால் 5 பிஎஸ்ஐ குறைந்தாலே உயரம் மாறிவிடும். உங்கள் வழக்கமான சுமைக்கு 30 முதல் 60 பிஎஸ்ஐக்குள் வண்டி மட்டமாகும் அளவில் ஒரு பையைப் பார்த்தால், மேலே கூட்டவும் கீழே குறைக்கவும் இடம் இருக்கும்.

பைக்குள்ளேயே பம்ப் ரப்பர் வைத்த வகையும் உண்டு. லோட்லிஃப்டர் 5000 அல்டிமேட் அப்படிப்பட்டது. பல செட்களில் மேல் தாங்கியைப் பொருத்துவதற்காக வண்டியின் சொந்தப் பம்ப் ரப்பரைக் கழற்றிவிடச் சொல்வார்கள். அதற்குப் பிறகு பை ஒருநாள் வழியில் ஓட்டையானால் மோதலைத் தாங்க எதுவும் இராது. உள்ளே ரப்பர் இருந்தால் காற்று முழுவதும் போனாலும் மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். உங்கள் செட் பம்ப் ரப்பரைக் கழற்றச் சொல்கிறது என்றால், உள்ரப்பர் உள்ள பையை வாங்குங்கள். கூடுதல் செலவு நியாயமானது. ஒன்று மட்டும் கவனம்: உள்ரப்பர் உள்ள பை மற்றதைப் போல அவ்வளவு குறைவாகச் சுருங்காது. அதன் குறைந்தபட்ச உயரத்தை அளவுக்கணக்கில் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலமான பை போட்டதால் வண்டி அதிக எடை தாங்கும் என்று எண்ணுவதை விட்டுவிட வேண்டும். வண்டியின் மொத்த எடை வரம்பும் பின் ஆக்சிலின் வரம்பும் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளிலோ கையேட்டிலோ இருக்கும். பை அவற்றை ஒரு கிலோகூட உயர்த்தாது. டயர், வீல், பேரிங், பிரேக் எல்லாம் பழையவையே. லிஃப்டோடு பெரிய டயரும் மாட்டியிருந்தால் பிரேக்குக்கு முன்பைவிடக் கூடுதல் வேலை. சேஸிஸ் பற்றியும் யோசிக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் சுமையை முன்னும் பின்னும் இரண்டு முனைகளில் சேஸிஸுக்குக் கொடுக்கிறது. பையோ ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் தள்ளுகிறது. ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு கனமான சுமை இருந்து, பைகளில் ஏராளமாகக் காற்றடித்துப் பட்டைகளுக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டால், அந்தப் புள்ளியை அச்சாக வைத்து சேஸிஸ் வளையும். லோடு பாடியில் கூடாரப் பெட்டியும் பின்னால் டிரெய்லரும் சேர்த்து இழுத்த பிக்-அப்புகளில் சேஸிஸ் வளைந்தும் விரிசல் விட்டும் போயிருக்கிறது. சுமையின் பெரும்பகுதியைப் பட்டையே தாங்கட்டும், அமுங்கியதை நிமிர்த்தும் அளவுக்குப் பை தாங்கினால் போதும்.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். லோடு பாடியில் கருவிப் பெட்டி, கூண்டு, தண்ணீர்த் தொட்டி என்று நிரந்தரமாக ஏறியிருக்கும் சுமைக்கு ஏர் ஸ்பிரிங் சரியான பதில் இல்லை. எப்போதும் ஒரே எடை என்றால் அந்த எடைக்கு வளைத்த பட்டைக் கட்டு போடுங்கள். கசியாது, கிழியாது, சக்கரம் தொங்குவதையும் தடுக்காது. இன்று காலி, நாளை 500 கிலோ என்று சுமை மாறிக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் காற்று. எப்போதாவது மட்டும் கனம் ஏற்றுபவர், காற்றழுத்தம் பார்க்கிற வேலையே வேண்டாம் என்றால், டிம்ப்ரென் ரப்பர் ஸ்பிரிங்கையோ சுமோஸ்பிரிங்ஸ் போன்ற நுரைப் பாலியூரித்தேன் கட்டைகளையோ பார்க்கலாம். காலியாக ஓடும்போது அவற்றில் சிலவற்றுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இடைவெளி இருக்கும், அதனால் ஓட்டம் மாறாது. லிஃப்ட் செய்த வண்டியில் அந்த இடைவெளியும் கூடிவிடும் என்பதால் அங்கேயும் ஸ்பேசர் கணக்கு உண்டு.

காற்றுக் குழாய் விஷயத்தில் தயங்காமல் சொல்வேன்: இடது, வலது இரண்டுக்கும் தனித்தனிக் குழாய். ஒரே வால்விலிருந்து இரண்டாகப் பிரித்தால் வேலை சுலபம், ஆனால் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கப் பையிலிருந்து காற்று உள்பக்கப் பைக்கு ஓடும். வண்டி சாயும் பக்கமே இன்னும் சாயும். லிஃப்ட் செய்த வண்டியின் ஈர்ப்பு மையம் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறது, அதற்கு இது ஆகவே ஆகாது. தனிக் குழாயில் இன்னொரு நன்மை, ஒரு பக்கம் அதிகச் சுமை இருந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கூட்டலாம்.

வண்டியிலேயே கம்ப்ரசர் வேண்டுமா என்பது உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. மாதத்தில் ஓரிருமுறை டிரெய்லர் மாட்டுபவருக்கு டயர் வால்வும் ஒரு சின்னப் பம்பும் தாராளம். தினமும் ஏற்றி இறக்குபவருக்குக் கம்ப்ரசர் வசதி. பையின் கொள்ளளவு டயரைவிட மிகவும் சிறியது. ஆகவே பம்பை ஒரு கணம் அதிகம் ஓடவிட்டாலே அழுத்தம் எகிறும், கேஜ் வைத்துப் பார்க்கும்போதே சில பிஎஸ்ஐ வெளியேறும். அடிக்கடி சோதித்தே காற்றை இறக்கிவிட்டு, பை கசிகிறது என்று நினைப்பவர்கள் உண்டு.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவற்றில் வெப்பம் முதலில். புகைபோக்கிக் குழாய்க்கும் பைக்கும் நல்ல இடைவெளி வேண்டும், செட்டோடு வரும் வெப்பத் தடுப்புத் தகட்டைத் தவறாமல் மாட்டுங்கள். லிஃப்ட் செய்த பிறகு புகைபோக்கியை இடம் மாற்றியிருந்தால், செட்டின் விளக்கப்படத்தில் உள்ள இடைவெளி உங்கள் வண்டியில் இருக்காது. பை முழுவதும் உப்பி நிற்கும்போது சுற்றிலும் அரை அங்குலமாவது எதுவும் தொடாமல் இருக்க வேண்டும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், கைப்பிரேக் கேபிள் மூன்றையும் சக்கரம் தொங்கும்போதும் பாருங்கள். காற்றுக் குழாயைக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் முனை நசுங்கி ஓவலாகிக் கசியும். கூர்மையான கத்தியால் நேராக வெட்டுங்கள். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் பார்த்து, ஓர் இரவு விட்டு மறுநாள் அழுத்தத்தைப் பாருங்கள்.

பலர் அறியாத ஒன்று பிரேக்கில் இருக்கிறது. சில பிக்-அப்புகளில் பின்சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு தண்டால் இணைந்த வால்வு இருக்கும். பின்பக்கம் அமுங்கியிருந்தால் சுமை இருக்கிறது என்று அதிகப் பிரேக் கொடுக்கும், உயர்ந்திருந்தால் காலி என்று குறைக்கும். லிஃப்ட் செய்தபோது இந்தத் தண்டைச் சரிசெய்யாமல் விட்டிருந்தாலே பின் பிரேக் குறைவாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கும். அதன்மேல் ஏர் ஸ்பிரிங்கும் போட்டுச் சுமையோடு வண்டியை நிமிர்த்தினால், 600 கிலோ ஏற்றிய வண்டியைக் காலி வண்டி என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பிரேக் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு தண்டை அதற்குரிய முறையில் சரிசெய்யாமல் சுமையோடு சாலையில் இறங்காதீர்கள். எழுதியவற்றில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஷாக் அப்சார்பரைப் பொறுத்தவரை, பை சேர்ந்ததும் பின்பக்கம் விறைப்பாகிறது, துள்ளி எழும் வேகமும் கூடுகிறது. பழைய ஷாக் தளர்ந்திருந்தால் அது இப்போதுதான் வெளிப்படும். லிஃப்டுக்கேற்ற நீளமும் நல்ல நிலையும் உள்ள ஷாக் இருந்தால் வேறு எதுவும் மாற்ற வேண்டாம்.

எல்லாம் மாட்டிய பிறகு அழுத்தத்தை இப்படிப் பிடியுங்கள். காலி வண்டியில் இரண்டு பைகளுக்கும் செட் சொல்லும் குறைந்தபட்சம், பெரும்பாலும் 5 பிஎஸ்ஐ. காற்றே இல்லாமல் ஓட்டினால் ரப்பர் தவறாக மடிந்து உராய்ந்து ஓட்டையாகும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலைகளிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுமை ஏற்றிவிட்டுப் பின்பக்கம் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். இறங்கியது முழுவதையும் திரும்ப ஏற்றத் தேவையில்லை, முன்பக்கத்தோடு மட்டமானால் போதும். 5 பிஎஸ்ஐ கூட்டுவது, அளப்பது, மறுபடி கூட்டுவது. 100 பிஎஸ்ஐ என்பது உச்சவரம்பு. அதை நெருங்கினால்தான் வண்டி மட்டமாகிறது என்றால் பை தவறான உயரத்தில் நிற்கிறது, அல்லது சுமையே அதிகம். சுமையை இறக்கியதும் காற்றையும் இறக்கிவிடுங்கள். காலி வண்டியில் 50 பிஎஸ்ஐயோடு ஓடினால் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கும்.

டிரெய்லர் இழுக்கும்போது கொக்கியில் விழும் எடை டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருப்பது வழக்கம். 2000 கிலோ டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோ. அது பின் ஆக்சிலுக்கும் பின்னால் விழுவதால் முன்சக்கரங்களின் மேலுள்ள எடையை நெம்பிக் குறைக்கிறது. பைகளில் காற்றடித்தால் வண்டி மட்டமாகத் தெரியும், ஆனால் முன்சக்கரத்துக்கு அந்த எடை திரும்பி வராது. ஸ்டியரிங் லேசாக மிதப்பது போலவே இருக்கும். எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கிதான் அதைத் திருப்பித் தரும். பைகளைக் குறைந்தபட்ச அழுத்தத்தில் வைத்துக்கொண்டு கொக்கியை முதலில் சரிசெய்து, முன்பக்க உயரம் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்த பிறகு பின்பக்கத்தில் மிச்சமிருக்கும் இறக்கத்துக்கு மட்டும் காற்று கொடுப்பேன். முதலில் காற்றடித்து வண்டியைத் தூக்கிவிட்டுப் பிறகு கொக்கியை மாட்டினால், கொக்கி செய்ய வேண்டிய வேலையைப் பை மறைத்துவிடும். வண்டி உயர்ந்திருப்பதால் கொக்கியின் பந்தும் உயரத்தில் இருக்கும். டிரெய்லரின் மூக்கு மேலே பார்க்காதபடி கீழிறங்கும் வகைக் கொக்கித் தண்டு வாங்கிப் பந்தை டிரெய்லரின் மட்டத்துக்கு இறக்குங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆக்சிலைப் பட்டையோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகளையும் தாங்கிகளின் போல்ட்டுகளையும் சொல்லப்பட்ட முறுக்கு விசைக்கு மறுபடி இறுக்குங்கள். பிளாக் போட்ட வண்டியில் யூ-போல்ட் தளர்வது சாதாரணம், பையின் தாங்கியும் அதே போல்ட்டின்கீழ் மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் தளரும். அப்போதே டார்ச் அடித்துப் பையின் மடிப்புகளுக்குள் பாருங்கள். கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் அங்கே ஏதோ தொட்டுக்கொண்டிருக்கிறது.